மாடி ஒழுகலுக்குத் தட்டோடா, பூச்சா?

1994-இல் கட்டிய எங்கள் வீட்டின் மொட்டை மாடிக்கு, ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். சென்ற சித்திரையில் அதைச் சுரண்டி எடுத்து, அடியிலிருந்த பழைய சிமெண்ட் பூச்சையும் கொத்தி நீக்கிவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு, அதாவது சுட்ட களிமண்ணாலான தட்டையான ஓடு, பதித்தோம். இரண்டையும் ஒரே மாடியில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மனம் தட்டோட்டின் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன்பே, ஒழுகலைப் பற்றி நாங்கள் நம்பியிருந்த சில தவறான எண்ணங்கள் எங்களை அலைக்கழித்தன. சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணி, கூடத்து மின்விசிறிக் கொக்கிக்கு மேலுள்ள பகுதியையே திரும்பத் திரும்பப் பூசினோம். உண்மையில் நீர், அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இறங்கி, கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் மின்கம்பிக் குழாய் வழியே நடந்து வந்து, விசிறிப் பெட்டியில் வெளியேறிக்கொண்டிருந்தது. கான்கிரீட் தளத்தின் நடுப்பகுதியைவிட, சுவர் மூலையும் மழைநீர்க் குழாய் இறங்கும் வாயுமே பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுக்கின்றன. உட்கூரைக்கு வண்ணம் அடித்து ஓதத்தை மறைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளே ஈரம் நிற்கும்வரை கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், துருவோ இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு அடிக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். மழை இல்லாத நாளிலும் ஓதம் ஏறினால், மாடியைத் தொடுவதற்கு முன் மேல்நிலைத் தொட்டியையும் அதன் குழாய்களையும் சோதிப்பது நல்லது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். தகரக் கூரை போடுவதை நாங்கள் எண்ணவில்லை, ஏனெனில் வற்றல் காயவைக்கவும் துணி உலர்த்தவும் எங்களுக்கு மாடி வேண்டும். தீயால் உருக்கி ஒட்டும் தார் விரிப்பை உறவினர் ஒருவர் வீட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அங்கே நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

பூச்சின் நன்மைகள் வெளிப்படையானவை. வேலை நான்கைந்து நாளில் முடிகிறது, கட்டடத்துக்குப் பாரம் ஏறுவதில்லை, எங்களுக்கு ஆன செலவு தட்டோட்டுச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளையாக இருக்கும்வரை வெயிலைத் திருப்பி அனுப்பி, அறையின் வெப்பத்தையும் குறைக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு படலம் மாடிக்கு வாட்டம், அதாவது நீர் வடிந்து ஓடுவதற்கான சரிவு, கொடுக்க முடியாது. பள்ளம் இருந்த இடத்தில் பூச்சுக்குப் பிறகும் பள்ளம் இருக்கிறது, அங்கே நாள்கணக்கில் நிற்கும் நீரில் அக்ரிலிக் படலம் ஊறி, கொப்புளம் விட்டு, உரிகிறது. செங்கல் ஜல்லித் தளத்தில் நிலைமை வேறு: நீர் வெளியேறும் வாய்க்கு அருகே மெலிதாகவும் எதிர்க்கோடியில் கனமாகவும் போட்டு, எண்பது அடிக்கு ஓர் அடியாவது இறங்கும்படி வாட்டத்தை அமைத்துக்கொள்ளலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வெயிலில் நேராகக் காயும் கான்கிரீட் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. அதிலுள்ள வெடிப்பும் தினமும் திறந்து மூடுகிறது, அதன்மேல் ஒட்டியிருக்கும் படலம் அத்தனை முறையும் இழுபடுகிறது. புதிதாக இருக்கையில் அது ரப்பர் போல நீண்டு கொடுக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அந்த நெகிழ்வு குறைந்த பிறகு, பழைய வெடிப்பின் மேலேயே புதிய கோடு தெரிகிறது. அதைச் சரிசெய்ய, மாடி முழுவதையும் அழுத்தமாகக் கழுவி, உரிந்ததைச் சுரண்டி, முற்றிலும் காயவிட்டு, பழைய படலத்தோடு ஒட்டக்கூடிய பொருளையே வாங்கி அடிக்க வேண்டும். ஒழுகல் தெரியும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காய்ந்த மாடி கிடைப்பதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் பங்குனி வரை பாத்திரம் வைத்துக் காத்திருந்தோம்.

மூன்றங்குலச் சுண்ணாம்புத் தளம் கான்கிரீட்டுக்கு வெயில் படாமல் போர்வையாக இருப்பதால், அந்தக் கான்கிரீட் விரிந்து சுருங்குவதே குறைகிறது. சுண்ணாம்பு மெதுவாக இறுகுவது என்பதால் சிறிய அசைவைத் தாங்கிக்கொள்கிறது, மயிரிழை வெடிப்புகளைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளவும் செய்கிறது. பொதுப்பணித் துறையின் பழைய விகிதப்படி, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து போட்டோம், மணல் சேர்க்கவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையின் தடம் இனிப் பதியாது என்ற நிலை வரும்வரை நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். இந்த அடிக்கும் வேலையைத் தவிர்ப்பதற்காகச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்து ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தளம் விறைத்து வெடிக்கும், தட்டோடு போட்டதன் பயனில் பாதி போய்விடும். கைப்பிடிச் சுவரின் மூலையைச் சாய்வாக வளைத்துப் பூசி, தட்டோட்டு வரிசையைச் சுவரில் சற்று ஏற்றி முடித்ததும் முக்கியம்.

ஆண்டுதோறும் எங்களுக்கு மீதமிருக்கும் வேலை, புரட்டாசியில் ஒரு காலை முழுவதும் மாடியில் நடந்து, தட்டோடுகளுக்கு இடைப்பட்ட பாயிண்டிங்கை, அதாவது இணைப்புகளை அடைத்திருக்கும் சாந்தை, பார்ப்பதுதான். விரல்நகம் நுழையும்படி விட்டுப்போன இணைப்பை மட்டும் சுரண்டி, நீர்த்தடுப்புப் பொருள் கலந்த சிமெண்ட் சாந்தால் எந்தக் கொத்தனாரும் அரை நாளில் அடைத்துவிடுவார். ஒரு தட்டோடு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். இந்தச் சோதனையைக் கைவிட்டால் தட்டோடும் ஏமாற்றும். இணைப்பில் இறங்கும் நீர் ஜல்லிக்குள் பரவித் தங்கிவிடும், பிறகு அது எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது பூச்சில் தேடுவதைவிடக் கடினம்.

எங்கள் தட்டோடு கண்டிருப்பது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையைத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மழையில் உட்கூரை காய்ந்தே இருந்தது. இருந்தாலும், பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தெருவின் பழைய வீடுகளைத்தான் சாட்சியாகக் காட்ட முடியும்.

எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். தட்டோடும் ஜல்லியும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 15 முதல் 18 கிலோ வரை பாரம் ஏற்றுகின்றன. முன்பு வெறும் சிமெண்ட் பூச்சோடு இருந்த தளம் அதைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்த்த பிறகே நாங்கள் தொடங்கினோம். அடியில் கம்பி தெரியும் அளவுக்குக் கான்கிரீட் உதிர்ந்த வீட்டில், முதலில் கம்பியைச் சரிசெய்துவிட்டு, எடையில்லாத பூச்சோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.