இரண்டு துண்டு ஹாக்கி மட்டையில் பிளேடு மாற்றுவது: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஏழு ஆண்டுகளாக ஒரே தண்டைக் கொண்டு ஐஸ் ஹாக்கி விளையாடி வருகிறேன்; அதன் முனையில் இதுவரை ஆறு பிளேடுகள் (அடிக்கும் தட்டையான பகுதி) மாறிவிட்டன. கோலாலம்பூர் அருகே சன்வே பிரமிட் வணிக வளாகத்தின் பனித்தளத்தில் என்னுடன் விளையாடுபவர்களில் பெரும்பாலோர் தண்டும் பிளேடும் ஒன்றாக வார்க்கப்பட்ட மட்டையையே வாங்குகிறார்கள். இரண்டு துண்டு மட்டை என்றாலே, இணைப்பு ஆடும், ஆட்டத்தின் நடுவில் பிளேடு கழன்றுவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஆடிய பிளேடுகள் என்னிடமும் இருந்தன. ஆனால் அவை ஆடியதற்குக் காரணம் மட்டையின் அமைப்பு அன்று, அவற்றைப் பொருத்திய முறைதான் என்பதை இத்தனை ஆண்டுகளில் உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த அமைப்பு புதிதன்று. 1990களில் புகழ்பெற்ற கனடா வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியே ஈஸ்டன் நிறுவனத்தின் அலுமினியத் தண்டில் மரப் பிளேடைப் பொருத்தித்தான் விளையாடினார். 2000ஆம் ஆண்டுவாக்கில் சினர்ஜி போன்ற ஒரே வார்ப்பு மட்டைகள் வந்த பிறகுதான் இரண்டு துண்டு மட்டைகள் பின்னுக்குப் போயின. நம் ஊர்க்காரர்களில் பலர் 2017 கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றபோதுதான் இந்த விளையாட்டை நேரில் பார்த்தார்கள். ஆகவே அந்தப் பழைய வழக்கம் இங்கே அதிகம் பழகப்படாமலே போனது. ஆனால் நமக்குத்தான் அது மிகவும் பொருந்தும் என்பேன். ஐந்தடி மட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதன் நீளத்துக்காகவே அஞ்சல் கட்டணம் ஏறிவிடுகிறது. பிளேடு மட்டும் என்றால் சிறிய பெட்டியில் அடங்கிவிடும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்டின் வாய். முனை வரை ஒரே அகலத்தில் இருப்பது ஸ்டாண்டர்ட். கீழே குறுகிக்கொண்டே வருவது டேப்பர்ட். ஸ்டாண்டர்ட் பிளேடு டேப்பர்ட் தண்டில் நுழையவே நுழையாது. டேப்பர்ட் பிளேடு ஸ்டாண்டர்ட் தண்டில் தாராளமாக நுழைந்துவிடும், ஆனால் நாலு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பிச் சமாளித்துவிடலாம் என்று எண்ணுவது வீண் செலவு. சிறுவர்களுக்கான ஜூனியர் அளவு இவ்விரண்டிலிருந்தும் வேறானது.

பிளேடைத் தண்டில் பிடித்துவைப்பது சூட்டில் இளகும் பசை; பொருத்தும்போது அதைச் சூடேற்றியாக வேண்டும். இப்போதைய தண்டுக்கு முன்பு வைத்திருந்த என் முதல் தண்டை இதில் நானே கெடுத்தேன். மச்சானின் கார் பட்டறையிலிருந்து சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வாங்கிவந்து, அதன் உயர்ந்த சூட்டில், தண்டின் ஒரே பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டறைகளில் புழங்கும் ஹீட் கன் உயர் நிலையில் 500 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். கார்பன் இழைகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது எபாக்சி பிசின். அளவு மீறிச் சூடு பட்டால் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடும். வெளியே வண்ணப்பூச்சில் சிறு கொப்புளம் மட்டுமே தெரிந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரம், ஓங்கி அடித்த ஓர் அடியில், அந்தக் கொப்புளம் இருந்த இடத்திலிருந்து தண்டின் வாய் நீளவாக்கில் பிளந்தது.

அதன் பிறகு பொருத்தும் முறையைப் பெரியப்பாவிடம் கற்றேன். செந்தூல் ரயில் பட்டறையில் தச்சராக இருந்தவர் அவர். பிளேடின் மேலே நீண்டிருக்கும் செவ்வகக் கட்டையைப் பார்த்தவுடன், "இது கழுந்துதானே" என்றார். நான் சுத்தியலை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "மண்வெட்டிக்குக் காம்பு போடுற மாதிரி அடிச்சு இறக்காதப்பா. இது தானா இறங்கணும்." அன்று அவர் சொன்னபடியே இன்றும் செய்கிறேன்.

முதலில் பசை இல்லாமல் கழுந்தை வாயில் செருகிப் பார்ப்பேன். மரப் பிளேடாக இருந்து எங்கேனும் இடித்தால், இடிக்கும் முகத்தை மட்டும் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு தேய்ப்பேன். அடுத்து, புதிய பிளேடின் கழுந்தில் நிறுவனமே பூசி அனுப்பும் பசை நான்கு முகங்களிலும் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன்; மெலிந்த இடத்தில் பசைக்குச்சியை உருக்கித் தடவுவேன். பின்னர் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, தண்டின் கடைசி மூன்று நான்கு அங்குலத்தை, சோளம் வாட்டுவதுபோல் உருட்டிக்கொண்டே சூடேற்றுவேன். கழுந்தின் பசை மினுமினுக்கத் தொடங்கும்போது இரண்டையும் சேர்த்தால், உள்ளங்கை அழுத்தத்திலேயே தேன் போல வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். பாதியில் நின்றுவிட்டால் தட்டக் கூடாது. வெளியே இழுத்து, மறுபடி சூடு காட்ட வேண்டும். பிதுங்கி வரும் பசை இறுகுவதற்குள் பழைய துணியால் துடைத்துவிட்டு, பசை இளகி இருக்கும் அந்தச் சில நொடிகளில், மேல்முனையிலிருந்து ஒரு கண்ணை மூடித் தண்டின் நீளவாக்கில் பார்ப்பேன். பிளேடு சற்றே திரும்பியிருந்தாலும் பக் (நாம் அடிக்கும் ரப்பர் வட்டு) நினைத்த இடத்துக்குப் போகாது. பிறகு பிளேடு கீழே இருக்குமாறு சுவரில் சாய்த்து வைத்து, கால் மணி நேரம் தொடுவதில்லை. அலுமினியத் தண்டாக இருந்தால் சூடு விரைவாக மேலே ஏறிக் கையைச் சுடும். தடித்த கையுறை அவசியம்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை மட்டையை மதியம் முழுவதும் வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டு, இரவு தளத்தில் இறங்கியபோது பிளேடு லேசாக அசைந்தது. சூட்டில் இளகும் பசைதானே அது. அன்றிலிருந்து மட்டை வீட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தக் கோளாறு திரும்ப வரவில்லை. மரப் பிளேடுகளுக்கு எதிரி ஈரம். பனிக்கட்டியின் நீர் நுனி வழியாக ஊறி மரத்தை உப்பவைத்துவிடும். ஆட்டம் முடிந்தவுடன் டேப்பை உரித்துத் துடைக்கத் தொடங்கிய பிறகு, என் நான்காவது மரப் பிளேடு முதல் மூன்றையும்விடத் தெளிவாகக் கூடுதல் காலம் உழைத்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழுந்தும் பசையும் சேர்வதால் கீழ்முனை கனக்கிறது. ஒரே வார்ப்பு மட்டையில் பக் பிளேடில் படுவது கைக்குத் துல்லியமாகத் தெரிவதுபோல் இதில் தெரிவதில்லை. வேகமாகக் கை சுழற்றி ஆடும் இளைஞர்களுக்கு இது பெரிய இழப்பாகவே தோன்றும். தடுப்பாட்டம் ஆடும் எனக்கு, பழகிய வளைவுத்தன்மையுள்ள தண்டு கையை விட்டுப் போகாமல் இருப்பதுதான் பெரிது. பிளேடின் வளைவும் லை எண்ணும் (தண்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான கோணத்தைக் குறிப்பது) மட்டும் முந்தையதோடு ஒத்திருந்தால், புதிய பிளேடுடன் முதல் நாளே இயல்பாக ஆட முடிகிறது.

பிளேடு உடைந்த ஒரே வார்ப்பு மட்டைகளைத் தூக்கி எறியும் நண்பர்களிடமிருந்து அவற்றை இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உடைந்த இடத்துக்கு மேல், குறுகும் பகுதி முடியும் இடத்தில், நுண்பல் இரும்பு ரம்பத்தால் குறுக்கே நேராக அறுத்தால், உள்வாய் அளவு ஒத்துவரும் மட்டைகளில் ஸ்டாண்டர்ட் பிளேடு பொருந்திவிடுகிறது. குறைந்த நீளத்தை மேல்முனையில் மரத்துண்டு செருகி ஈடுசெய்யலாம். அறுக்கும்போது பறக்கும் கார்பன் தூள் தோலில் அரிப்பையும் மூச்சில் எரிச்சலையும் தரும் என்பதால், முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் சுற்றிய பிறகே ரம்பத்தை வைக்கிறேன். அப்படிச் செய்த இரண்டில் ஒன்றை அக்காள் மகன் சென்ற ஆண்டு முதல் ஆடிக்கொண்டிருக்கிறான். மற்றொன்றின் உள்வாய் அகன்றிருந்ததால் பொருந்தவில்லை.