புதுப்பித்த தெருவில் ஒரு பழைய சைக்கிள்: மூன்று மாத மதிப்புரை

சேலத்தில், அஸ்தம்பட்டியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், சென்ற ஆண்டு முழுவதும் தோண்டிப் போடப்பட்டிருந்த ஒரு தெரு, இப்போது நடைபாதை, சைக்கிள் பாதை, மழைநீர் வடிகால், புதிய விளக்குகள் என எல்லாவற்றுடனும் திறக்கப்பட்டிருக்கிறது. தெருவின் பெயரை எழுதப்போவதில்லை; இதே வேலை அடுத்தடுத்த தெருக்களுக்கும் வரவிருப்பதால், பெயரை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுவதே பயன் தரும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் நான், மூன்று மாதங்களாக நாளுக்கு இரண்டு முறை இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறேன். பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் மதிப்புரை எழுதுகிறோம். வரி கட்டி வாங்கிய தெருவுக்கும் ஒன்று எழுதலாம் என்று தோன்றியது. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். அந்த அரை, வெட்டாமல் விட்டுவைத்த வேப்பமரங்களுக்கு.

என்னுடையது கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிள். பின்னால் கேரியர், அதில் சாப்பாட்டுப் பை. சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஊரின் சரிவு காலில் தெரியும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஊரும் சாய்ந்திருக்கிறது. ஆகவே எனக்குக் காலையில் வேலைக்குப் போவது இறக்கம், மாலையில் களைத்து வீடு திரும்புவது ஏற்றம். இந்தச் சாதாரண விஷயம் வரைபடம் போட்டவர்களின் நினைவுக்கு வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பாதையின் தளம் வழவழப்பாக இருக்கிறது. நடைபாதைக்குப் பேவர் பிளாக் பதித்தவர்கள் சைக்கிள் பாதைக்கு அதைப் பதிக்காமல் ஒரே சீரான தளமாகப் போட்டிருக்கிறார்கள். பேவர் பிளாக்கின் மூட்டுக்கு மூட்டு அதிர்ந்து மணிக்கட்டு வலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஐப்பசி மழையில் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. மோட்டார் வண்டிகள் ஓடும் சாலைக்கும் பாதைக்கும் இடையில் ஓரக்கல் இருப்பதால், பேருந்து பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தாலும் நெஞ்சு படபடப்பதில்லை. நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டிருந்தால் நான்கு மதிப்பெண்கூடத் தந்திருப்பேன்.

சிக்கல் உள்ளே நுழைவதிலும் வெளியே வருவதிலும் இருக்கிறது. ஸ்கூட்டர்கள் ஏறிவிடக்கூடாது என்பதற்காக, வடக்கு முனையில் பாதையின் குறுக்கே இரும்புத் தூண்களை நட்டிருக்கிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் தூணுக்கும் தூணுக்கும் இடையே 60 செ.மீ. மட்டுமே விட்டிருக்கிறார்கள். என் ஹேண்டில்பார் நுழையும்போது இருபக்கமும் இரண்டு விரல் இடம் மிஞ்சுகிறது. அதையும் ஓட்டிக்கொண்டே கடக்க முடியாது, இறங்கித்தான் தள்ள வேண்டும். கேரியரின் இருபுறமும் கேன் தொங்கவிட்ட பால்காரர் நுழையவே முடியாது. அவர் முதல் நாள் ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு, அதன்பின் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை; பேருந்துகளோடு பெரிய சாலையிலேயே போகிறார். இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டி விட்டிருந்தால் காரும் ஏறியிருக்காது, பால்காரரும் போயிருப்பார். ஸ்கூட்டரைத் தூணால் தடுக்க முடியும் என்பதே ஒரு நம்பிக்கைதான், ஏனென்றால் இப்போதைய 60 செ.மீ. சந்திலேயே கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைகிற இளைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

தெற்கு முனையில் தூண் இல்லை, சரிவும் இல்லை. பாதை அப்படியே ஓரக்கல்லில் முடிந்து, 15 செ.மீ. கீழே சாலை இருக்கிறது. காலையில் இறக்கத்தில் வேகமாக வருகிறவர் இதை அறியாமல் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலையில் நான் அங்கே இறங்கி, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பின் கேரியரைப் பிடித்துத் தூக்கி ஏற்றுகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இன்னும் பத்து வருடம் இப்படித் தூக்க முடியுமா என்பது ஐயம்தான்.

இனி என் சக்கரத்தின் கதை. பாதையோரத்தில் மழைநீர் இறங்குவதற்குக் கம்பி மூடிகள் போட்டிருக்கிறார்கள். கம்பிகள் பாதை போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கின்றன. இடைவெளி 4 செ.மீ. என் டயரின் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. எதிரே வந்த ஒரு குழந்தைக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கிய ஒரு மாலையில், முன்சக்கரம் அளவெடுத்துச் செய்ததுபோல அந்தச் சந்துக்குள் இறங்கியது. நல்லவேளை, ஏற்றத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் முழங்கை சிராய்ப்போடு தப்பினேன். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிக் கோட்டம் எடுக்கக் கொடுத்தபோது, கடைக்காரர் ரிம்மைச் சுற்றிவிட்டுப் பார்த்த மாத்திரத்தில், “அந்தப் புது ரோட்டு மூடியில விட்டீங்களா சார்? இந்த மாசத்துல இது நாலாவதுங்க,” என்றார். அவருக்கு அந்தத் தெருவால் வியாபாரம். இரண்டு போக்ஸ்கம்பி மாற்றி, கோட்டம் எடுத்து, நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அகலத்துக்கு வருவோம். இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. சாலைப் பொறியாளர்களுக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், சைக்கிள் பாதைக்கென்றே 1962-இல் தனி வெளியீடு கொண்டுவந்து, 2015-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. 1962-இல் அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: ஹேண்டில்பார் 45 முதல் 50 செ.மீ.; யாராலும் நூல் பிடித்தாற்போல நேராக ஓட்ட முடியாது என்பதால் இருபுறமும் 25 செ.மீ. சேர்த்தால் ஒரு சைக்கிளுக்கு 1 மீட்டர். பாதை குறைந்தது இரண்டு சைக்கிள் அகலம், அதாவது 2 மீட்டர்; முந்திப் போகவும் இடம் வேண்டுமானால் 3 மீட்டர். நம் தெருவில் இருப்பது 1.2 மீட்டர். ஒருவர் பின் ஒருவராகப் போகலாம், முந்த முடியாது. முன்னால் ஒரு தாத்தா போனால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அவர் வேகத்துக்கே போக வேண்டும். இதில் ஏற்றப் பக்கத்துக்கும் இறக்கப் பக்கத்துக்கும் ஒரே அகலம் வேறு. மெதுவாக மிதிக்கும்போதுதான் சைக்கிள் அதிகம் ஆடும்; ஆகவே ஏற்றப் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, இறக்கப் பக்கத்தில் குறைத்திருந்தாலும் நியாயம் இருந்திருக்கும்.

இடமில்லை என்பதுதான் வழக்கமான பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப் பிடித்து அளந்தேன். சுவரிலிருந்து சுவருக்கு 15 மீட்டர். இருவழிச் சாலைக்கு 7 மீட்டர், இருபுற நடைபாதைக்கு நெறிமுறை சொல்லும் குறைந்தபட்ச அளவான 1.8 மீட்டர் வீதம் 3.6 மீட்டர், ஆக 10.6. மீதமிருப்பது 4.4 மீட்டர். இரண்டு பக்கமும் குறைந்தபட்ச அளவான 2 மீட்டரில் சைக்கிள் பாதை போட்டாலும் 40 செ.மீ. மிஞ்சும். அந்த 4.4 மீட்டர் எங்கே போயிற்று என்றால், ஒரு பக்கம் முழுநீளத்துக்கும் கார் நிறுத்த 2 மீட்டர் போய்விட்டது, எஞ்சிய 2.4 மீட்டரைப் பாதியாகப் பிளந்து ஆளுக்கு 1.2 மீட்டர் என்று சைக்கிளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, இடம் இருந்தது. அது நாள் முழுக்க அசையாமல் நிற்கும் இருபது கார்களுக்குப் போயிற்று. சாலை இடத்தை வண்டிகளைக் கணக்கிட்டுப் பிரிக்காமல் மனிதர்களை மையமாக வைத்துப் பிரிக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. என் மருமகனும் அந்த இருபதில் ஒருவர்.

இதைவிடப் பெரிய குறை, சாலை நடுவே 600 மீட்டர் நீளத்துக்கு இடைவெளியே இல்லாமல் கட்டப்பட்டிருக்கும் தடுப்பு. தெருவின் ஒரு பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. எதிர்ப்பக்கக் குடியிருப்பிலிருந்து அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வரும் பிள்ளைகள், முறைப்படி போனால் முனை வரை போய்த் திரும்பி வர வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்கு மணி அடிக்கப்போகும் பள்ளிக்கு அப்படிச் சுற்றிப் போகுமா? எல்லாரும் எதிர்த்திசையில்தான் வருகிறார்கள். அந்த 1.2 மீட்டர் பாதையில் நானும் அவர்களும் நேருக்கு நேர் சந்தித்து, ஒருவர் இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன கம்பி மூடியில் நான் விழுந்ததும் இதனால்தான். பார்க்கிறவர்கள் பிள்ளைகளைத்தான் திட்டுகிறார்கள். பள்ளி வாசலுக்கு நேரே தடுப்பில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பும், சாலையைச் சற்று மேடாக்கி ஒரு கடக்குமிடமும் வைத்திருந்தால் இந்தத் திட்டு முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

சைக்கிள் திட்டம் என்றதும் அதிகாரிகள் மனத்தில் வருவது விடியற்காலையில் ஹெல்மெட்டும் கண்ணாடியும் அணிந்து ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்கள்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் வலிமையானவர்கள், பாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறிவிடுவார்கள். அம்மாபேட்டையில் பாவு நூலைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் நெசவாளர், லீ பஜாரில் மூட்டை ஏற்றிவரும் மூன்று சக்கர வண்டிக்காரர், இரவு வேலை முடிந்து திரும்பும் காவலாளி ஆகியோரை ஒருமுறை நிறுத்தி, உங்கள் வண்டி எவ்வளவு அகலம் என்று கேட்டிருந்தால், தூண்களின் இடைவெளி வேறாக இருந்திருக்கும்.

சைக்கிள் நிறுத்துமிடம் ஒன்றும் இருக்கிறது, முன்சக்கரத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் கம்பிச் சட்டம். பக்கவாட்டில் யாராவது இடித்தால் ரிம் வளையும், பூட்டு போட்டாலும் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் பயன்படுத்துவதில்லை. மாலையில் பாதைமேல் வந்து நிற்கும் தட்டுவடை செட் வண்டிகளைப் பற்றிப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் பங்கில்லை, நானும் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே இறங்கி ஒரு செட் வாங்குகிறவன். அவர்களுக்கென்று வரைபடத்தில் ஓர் அடி இடம்கூட ஒதுக்கவில்லை என்றால் அவர்கள் வேறெங்கே நிற்பார்கள்?

இத்தனையும் வரைபடத்தில் இருந்தபோதே பென்சிலால் திருத்தியிருக்கக்கூடியவை. இப்போது ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். வேலை தொடங்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த வரைபடத்தை நானும் போய்ப் பார்த்தேன். பாதை பச்சை வண்ணத்தில் அழகாக இருந்தது. இரண்டு முனைகளும் தாளின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தன. அப்போது அதைக் கேட்கத் தோன்றாதது என் தவறு. அடுத்த தெருக்காரர்கள் முனையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, வலப்பக்கம் எப்படித் திரும்புவது. பாதையின் வண்ணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்த அடுத்த தெருவில் சென்ற வாரம் வேலை தொடங்கிவிட்டது. நேற்றுக் காலை அவ்வழியே போனபோது, வடிகாலுக்கான கம்பி மூடிகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். குனிந்து அளந்து பார்த்தேன். நான்கு பக்கமும் ஒரே அளவு, சரியான சதுரம். அப்படியானால் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் குழியில் பொருந்தும். கம்பிகள் பாதைக்குக் குறுக்காக வரும்படி வைத்தால் எந்தச் சக்கரமும் உள்ளே இறங்காது, ஒரு பைசா கூடுதல் செலவும் இல்லை. அங்கிருந்த மேஸ்திரியிடம் இதைச் சொல்லி, என் ரிம்மையும் காட்டினேன். அவர் ஒரு மூடியை எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் என் சைக்கிளை இரண்டு பக்கமும் உருட்டிப் பார்த்தார். “திருப்பிப் போட்டுடலாங்க, அதுல ஒண்ணும் இல்ல. இன்ஜினியர் சார் பதினோரு மணிக்கு வருவாருங்க, நீங்களும் இருந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க,” என்றார். பட்டறைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நின்றேன்.