கைவேலைன்னு காசு வாங்கிட்டு மெஷின்ல அடிச்சாங்க, அம்மாச்சிக்க லேஸையும் வெட்டிட்டாங்க

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் பழைய மாடல் பிளவுஸ் கையால தச்சு வாங்கணும்னு நினைக்குற அக்கா தங்கச்சிமாரு, துணி குடுக்குறதுக்கு முன்னால இத வாசிச்சிருங்க.

எங்க அம்மாச்சிகிட்ட ஒரு வெள்ளை ஜம்பர், அதாவது அந்தக்கால பிளவுஸ், உண்டு. மல் துணி, நெஞ்சுல மெல்லிசு மெல்லிசா மடிச்சுத் தச்ச பின்டக், கழுத்தச் சுத்தி ஷேடோ வொர்க், கையில அவங்களே தலையணையில குண்டூசி குத்தி நூல்கட்டைய மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுன லேஸ். நாகர்கோவில்ல 1820கள்ல மால்ட் பாதிரியாருக்க மனைவி மார்த்தா சொல்லிக்குடுத்த லேஸ் வேலை அது. பொம்பளைங்க மார்ல மேல துணி போடவே 1859 வரைக்கும் அடிபட்டுப் போராடுன நாடு இது, எங்க வீட்டுல ஜம்பருக்கு ஒரு மரியாதை உண்டு.

அதே மாதிரி எனக்கு ஒண்ணு தைக்கத்தான் கேரளா பார்டர் தாண்டி ஒரு கடையில குடுத்தேன். துணி அவங்களே சுத்த காட்டன் மல் எடுக்கறதா பேச்சு, லேஸ் மட்டும் அம்மாச்சி பெட்டியில மிச்சமிருந்த ரெண்டு மீட்டர். எல்லாம் கைவேலை, 7,500 ரூபா, அட்வான்ஸ் 4,000.

ஒன்றரை மாசம் இழுத்தடிச்சு குடுத்தாங்க. பின்டக்க திருப்பிப் பாக்குறேன், உள்பக்கம் நூல் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, அது ரெட்டை ஊசி போட்ட மெஷின் வேலை, கையில ஓட்டுத்தையல் போட்டா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான் இருக்கும். ஷேடோ வொர்க்குன்னா உள்ள நூல் குறுக்கும் மறுக்கும் போயி அந்த கலர் துணி வழியா மங்கலா வெளிய தெரியணும், இதுல மேலயே தடியா நூல அடைச்சு வச்சிருக்கு, மெஷின் எம்பிராய்டரிக்கு உள்ள ஒட்டுற பேப்பர் பாதி கிழிக்காம அப்படியே கெடக்கு. கேட்டதுக்கு "கையில செய்ததுதான் சேச்சி, ஒரு வித்தியாசமும் இல்ல"ன்னு ஒரே சாதிப்பு. வீட்டுக்கு வந்து ஓரத்துல நாலு நூல் உருவி எரிச்சேன், காட்டன்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், இது உருகி கறுப்பு மணியா சுருண்டுச்சு.

அதெல்லாம் கூட போகட்டும். லேஸ நடுவுல வெட்டி ஓவர்லாக் அடிச்சிருக்காங்க. பிளவுஸ்ல இருக்கறது ஒரு மீட்டர் தேறும், மிச்சத்த கேட்டா வேஸ்ட்ல போயிட்டுன்னு சொல்லுறாங்க. எனக்கு அங்கயே அழுகை வந்துட்டு. பாக்கி 3,500 வச்சாதான் பிளவுஸ் தருவோம்னாங்க, லேஸ் அதுல இருக்கே, குடுத்துட்டுதான் வந்தேன்.

நான் செய்யாம விட்டத நீங்க செய்யுங்க. முதல்ல ரெண்டு இஞ்ச் சாம்பிள் கையில தச்சுக் காட்டச் சொல்லி உள்பக்கம் பாருங்க. பில்லுல கைவேலைன்னு எழுதி வாங்குங்க. நம்ம பொருள் எதையாவது குடுத்தா டேப் வச்சு அளந்து அவங்க முன்னாலயே போட்டோ எடுங்க.

இப்ப ராத்திரி ராத்திரி உக்காந்து லேஸ பிரிக்கேன். தலையணை லேஸ் இணைக்கத் தெரிஞ்ச ஆச்சிமாரு நாகர்கோவில், முளகுமூடு பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க. அம்மாச்சிக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது, நான் ஒண்ணும் சொல்லாமதான் கையில குடுத்தேன், தடவிப் பாத்தே வெட்டுன இடத்துல விரல நிறுத்திட்டாங்க.