குப்பத்தில் தீ பிடித்தால்: பெரிய வண்டியா, தூக்கிப் போகும் பம்பா?

தீயணைப்பு வண்டியில் நீராவி பம்பு இருந்த காலத்தில், கொதிகலன் சூடேறி அழுத்தம் வரும்வரை தண்ணீர் பாயாது. 1904-ல் லண்டன் பக்கத்து ஃபின்ச்லிக்கு மெர்ரிவெதர் கம்பெனி செய்து கொடுத்த பெட்ரோல் வண்டி அந்தக் காத்திருப்பைத் தீர்த்தது. வண்டியை ஓட்டிய எஞ்சினே பம்பையும் ஓட்டியது. தண்ணீரும் வண்டியிலேயே வந்தது. இன்று நம் தெருவில் மணியடித்து வரும் வண்டியும் அதே வம்சம்தான்.

அதன் பலமும் பலவீனமும் அந்த டேங்க்தான். 4,500 லிட்டர் பிடிக்கும் வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால் பத்தே நிமிடத்தில் காலி.

எங்கள் மீனவர் குப்பத்தில் ஒருமுறை வலைக் கொட்டகை எரிந்தது. வண்டி சீக்கிரமே வந்தது, ஆனால் ரோட்டோடு நின்றுவிட்டது. சந்து முனையில் இரண்டு பைக், ஒரு ஐஸ் பெட்டி, தலைக்கு மேல் தொங்கும் கேபிள். ஓஸை ஒன்றோடொன்று மாட்டி உள்ளே இழுத்து வந்தார்கள். நைலான் வலை எரிந்தால் உருகிச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் மறுபடி பற்றும். டேங்க் தீர்ந்து, அடுத்த வண்டி வரும்வரை அண்ணன்மாரும் அக்காமாரும் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். கடல் நூறடி தூரத்தில்தான் இருந்தது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நாலு பேர் தூக்கிப் போகும் போர்ட்டபிள் பம்பு இருந்தால் அந்தக் கடலே டேங்க். ஆனால் எல்லாக் கரைக்கும் அது ஒத்துவராது. சென்னையில் நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் போல அலை உடையும் இடத்தில் குழாயைப் போட்டால் தண்ணீரோடு மணலும் ஏறி பம்பின் உள்சக்கரத்தைத் தேய்த்துவிடும். காசிமேடு துறைமுகத்துக்குள் அந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் அடங்கிக் கிடக்கும். படகுகள் ஒட்டி ஒட்டி நிற்பதால் ஒன்றில் பிடித்தால் பக்கத்துப் படகுக்கும் தாவும். ஏழு மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து உறிஞ்சுவது கஷ்டம் என்பதால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் தீயணைப்பு பைக்கும் உண்டு; அது சந்துக்குள் புகும். அடுப்படித் தீக்கு நல்லது. வலைக் குவியலுக்கு அதன் தண்ணீர் பத்தாது.

என்னைக் கேட்டால், காசிமேட்டுக்கு முதலில் படகுத்துறையிலேயே பம்பு வேண்டும். திறந்த கரைக் குப்பங்களுக்குப் பெரிய வண்டியே சரி. ஆனால் குப்பத்து வாசலில் ஒரு பெட்டியில் கூடுதல் ஓஸ் சுருட்டி வைத்திருக்க வேண்டும். அந்தச் சந்து முனையில் ஐஸ் பெட்டி நிற்கக் கூடாது.