எப்போதும் பிளக்கிலா, தீர்ந்த பிறகு சார்ஜா?

லேப்டாப்பை நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்திருப்பது ஒரு வழி. சுத்தமாகத் தீரவிட்டு மறுபடி 100 சதவீதம் ஏற்றுவது இன்னொரு வழி. தருமபுரிப் பக்கம் இரண்டாவதுதான் நல்லது என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போது வருவது லித்தியம் அயனி. அதற்கு அடிக்கடி பூஜ்யம் வரை இறங்குவதும் ஆகாது, நூறிலேயே கிடப்பதும் ஆகாது.

சரி, பிளக்கிலேயே விடலாமா? விடலாம், ஒரு நிபந்தனையோடு. முழு சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 4.2 வோல்ட்டில் நிற்கும். அதோடு சூடும் சேர்ந்தால் பேட்டரி வேகமாகத் தேயும். சித்திரை வெயிலில், ஷீட் போட்ட மாடி அறையில், மெத்தைமேல் வைத்து வேலை பார்த்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளும் அடைபட்டு இன்னும் மோசம். ஓசூரில் வெயில் அவ்வளவு இல்லை என்பதால், அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. ஆசுஸ், லெனோவோவின் பல மாடல்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், மேஜையில் வேலை செய்பவருக்கு முதல் வழியே சிறந்தது என்பேன்.

பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அது ஒத்துவராது. அவர் பேட்டரியில்தான் ஓட்டியாக வேண்டும். ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் எங்கேயாவது சொருகிவிடுவது நல்லது. பாதிப் பாதியாக ஏற்றினால், பேட்டரியின் தேய்மானத்தை அளக்கும் சுழற்சிக் கணக்கு (முழு அளவு ஒருமுறை செலவாவது ஒரு சுழற்சி) ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பாதி செலவழித்து ஏற்றுவது இரண்டு முறை நடந்தால்தான் ஒரு முழுச் சுழற்சி.

அப்புறம், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்தால், முந்தின இரவு மட்டும் அந்த 80 வரம்பை எடுத்துவிட்டு முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள்.