காந்தத் தடம்: நேராகவா, வட்டமாகவா?

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரின் சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில் காந்தத் தடம் முளைத்துவிடும்: வரிசையாக வைத்த காந்தங்கள் ஓர் எஃகுக் குண்டை இழுத்து ஓட்டும் பாதை. நேர்த்தடம் சிறு மேடாக ஏறும், வட்டத்தடம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். குண்டு ஓயாமல் தானே ஓடிக்கொண்டிருக்குமா என்ற ஆசை புதிதல்ல. 1269இலேயே பெட்ருஸ் பெரெக்ரினஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ஓயாத காந்தச் சக்கரம் ஒன்றை விவரித்து எழுதினார். எந்தத் தடம் செய்வது என்று தடுமாறுபவர்களுக்கு:

செலவு: நேர்த்தடத்துக்குச் சில ஃபெரைட் காந்தங்களும் (மலிவான கறுப்புக் காந்தங்கள்) பிளாஸ்டிக் அளவுகோல்களும் போதும். வட்டத்துக்குக் காந்தம் பல மடங்கு வேண்டும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் கடை கடையாக ஏறி இறங்கலாம்.

அமைப்பு: நேர்த்தடம் ஒரு மாலை வேலை. வட்டத்தில் ஒரு காந்தம் சாய்ந்தாலும் குண்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

சோதனை: நேர்த்தடத்தில் குண்டு மேட்டில் ஏறியதும் வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்ளே இழுத்த காந்தமே கடைசி முனையில் பின்னுக்கு இழுக்கும். குண்டு முன்னும் பின்னும் நடுங்கி நின்றுவிடும். தப்பி வெளியே விழுந்தாலும், அதைப் புறப்பட்ட இடத்தில் மறுபடி வைக்க நம் கைதான் வேண்டும். அந்தக் கையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. வட்டத்தில் இந்தப் பாச்சா பலிக்காது. ஒரு சுற்று முடிந்தால் காந்தம் கொடுத்ததும் எடுத்ததும் சரிக்குச் சரி. உராய்வும், காந்தத்தருகே நகரும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டமும் வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். காந்தம் உண்மையில் உதவுகிறதா என்று அறிய, காந்தங்களை அகற்றிவிட்டு அதே வேகத்தில் தள்ளி, சுற்றுகளை எண்ணிப் பாருங்கள்.

நியோடிமியம் என்ற காந்த வகை வலுவானது, பூச்சு உரிந்தால் நம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். சிறு குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்: இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.

தொடக்கநிலைப் பிள்ளைக்கு நேர்த்தடம். ஓயாமல் ஓடும் என்று அடம்பிடிக்கும் உயர்நிலைப் பிள்ளைக்கும், அவனைவிட அடம்பிடிக்கும் மாமாவுக்கும் வட்டம்.