மருதங்கன்று என்று நம்பி 14,500 ரூபாய் போனது: ஓடைக்கரைக்கு மரம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலையில்தான் விஷயம் தெரிந்தது. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வயலை ஒட்டிய ஓடைக்கரை நாலைந்து அடி சரிந்துவிட்டது. வேர் பிடித்து மண்ணை நிறுத்துகிற நம்மூர் மரமாக வைக்கலாம் என்று, இணையத்தில் நாட்டுமரக் கன்று விற்கும் ஒரு பக்கத்தில் கேட்டேன்.

பேசிய ஆள் லேசுப்பட்டவன் இல்லை. "அண்ணாச்சி, தண்ணி ஓரம் நீர்க்கடம்பு வைங்க, அதுக்கு மேல மருது, சரிவுல நொச்சி, மேட்டுல இலுப்பை" என்று வாய்ஸ் மெசேஜில் வரிசையாகச் சொன்னான். அத்தனையும் சரி. அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? 60 மருது, 40 நீர்க்கடம்பு, மொத்தம் 14,500 ரூபாய். முழுப்பணத்தையும் ஜிபேயில் போட்டேன்.

பார்சல் ஆபீசுக்கு வந்தது 60 கன்று மட்டும். மற்றது "அடுத்த லோடுல" என்றான். நட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம். இன்று பக்கத்து வயல் பெரியப்பா ஒரு கிளையை வளைத்துப் பார்த்துவிட்டு, "ஏல, இது டவுன்ல பங்களா சுவர் ஓரமா வைக்கிற செடில்லா?" என்றார். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அழகுச்செடி! மருதுக்கு இலை ஏறக்குறைய எதிரெதிராக நிற்கும், நுனி மழுங்கலாக இருக்கும். இதில் ஒன்று விட்டு ஒன்றாக, கூர் நுனியோடு நிற்கிறது. தாமிரபரணிக் கரையில் இருக்கிற திருப்புடைமருதூர் கோயிலில் தலமரமே மருதுதான். அந்த ஆற்றங்கரையில் குளித்து வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

போன் போட்டால், "சின்னதுல அப்படித்தான் இருக்கும், வளர வளர மாறும்" என்றான். இலை அடுக்கு எப்படிடா மாறும்? அப்புறம் "ஓனர் வெளியூர்ல". அப்புறம் நீல டிக் மட்டும். மதியத்துக்கு மேல் பிளாக். 14,500 ரூபாய் அவ்வளவுதான்.

எந்தக் கரைக்கு எந்த மரம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். இலையைக் கிட்டத்தில் வீடியோ கேளுங்கள். முடிந்தால் நாற்றங்காலுக்கு நேரில் போய், வேர் பைக்குள் சுருண்டுகொள்ளாத கன்றாகப் பார்த்து எடுங்கள்.

நாளைக்கு அறுபதையும் பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூலி தனி.